கழுத்துக்குச் சொந்தக்காரர்

கெடுத்தது வேறு யாருமில்லை, கண்ணாடிக் கடைக்காரரேதான். சாக்சபோனை வாசித்து முடித்ததும் கழுத்தைக் கழற்றித் துணியில் சுற்றிவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும் என்று, கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் காது புளிக்கச் சொல்கிறவர் அவர். அன்று மகளின் கல்யாணப் பேச்சில் கவனம் பிசகி, கழுத்தோடு உள்ளே வைத்துவிட்டார். மூடி முரண்டு பிடித்தது. மேலே ஏறி உட்கார்ந்தார். நல்லவேளை, வாத்தியத்தின் உடம்பு தப்பியது. ஊதுவாயை மாட்டுகிற வளைந்த குழாயான அந்தக் கழுத்து மட்டும் நசுங்கிப் பிளந்துவிட்டது.

நகை, புடவை எதிலும் வாய் திறக்காத மகள், வரவேற்பில் அப்பா ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள். அந்தச் சாக்சபோனைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிறது. கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கழுத்து உள்ளேயே நுழையவில்லை, இன்னொன்று தொளதொளவென்று ஆடியது. காகிதம் சுற்றி மாட்டியதில் குக்கர் விசில்தான் வந்தது. வாடகைக்கு வேறொன்று எடுக்கச் சொன்னாள் மனைவி. மாப்பிள்ளையையும் வாடகைக்கு எடுத்துவிடலாமா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

"எங்கண்ணன்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்குல்ல?" என்றாள்.

அது தெரியாதவரா அவர்? மூடப்போன ஓர் ஓட்டலின் வாத்தியக் குழுவிடமிருந்து இருவரும் ஒரே நாளில் வாங்கிய ஜோடி அது. லிப்ட் மெக்கானிக்கான மச்சானும் அவரும் சேர்ந்துதான் மேடையேறுவார்கள். ஒரு கச்சேரியில் மச்சான் தன் முறையை இழுத்துக்கொண்டே போய் இவருடையதையும் சேர்த்து விழுங்கிவிட, அன்றோடு பேச்சு நின்றது. பத்திரிகை வைக்கக்கூட மனைவிதான் தனியாகப் போய் வந்தாள். ஆனால் மகள் கேட்டதை நினைத்தபோது ரோஷம் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மச்சான் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு பரணிலிருந்து ஒரு சாக்குமூட்டையை இறக்கிப் பிரித்தார். உள்ளே சாக்சபோனின் உடம்பு மிதிபட்ட தகர டப்பாபோலக் கிடந்தது. போன வருஷம் படிக்கட்டில் உருண்டதாம். அதே மாதிரி ஓர் உடம்பு தேடி அலைந்திருக்கிறார், தங்கையிடம்கூட மூச்சு விடவில்லை. துணிக்குள் கழுத்து மட்டும் பளபளவென்று இருந்தது.

"உங்ககிட்ட எப்படி மச்சான் கேக்கறதுன்னு நானும்தான்…" என்று இழுத்தார் மச்சான், வாய் தவறி. மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டிய தங்கை புருஷனை மச்சான் என்று கூப்பிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"கழுத்தைக் குடுங்க."

"தனியாத் தர மாட்டேன். நானும் வருவேன். பாதிப் பாட்டு எனக்கு."

மாட்டியதும் பொருந்திக்கொண்டது, கொஞ்சம்கூட ஆடவில்லை. கழுத்து தன்னுடையது என்று மச்சான் முதலில் ஊதினார். பாதியில் மூச்சு வாங்க, ஊதுவாயைச் சட்டை நுனியில் துடைத்து நீட்டினார். இவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மச்சானிடம் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தோன்றியது. மறுபடியும் மச்சான் வாங்கிக்கொண்டார்.

நடுவில் மகளின் போன். இவர் எடுத்து வாத்தியத்தின் பக்கம் நீட்டினார்.

"அப்பா, ஊதறது நீங்களா, மாமாவா?"

மச்சானுக்கும் அது கேட்டது. தன் பாதி முடிந்தும் அவர் நிறுத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே போனார். கண்ணாடிக் கடைக்காரர் போனை நீட்டிய கையை இறக்காமல் நின்றார்.