கூடு திரும்பியவை

தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் பஞ்சாட்சரம் மனைவியின் விரல் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது, ஆள்காட்டி விரலில் மஞ்சள். வெள்ளை போய்விட்டது. மஞ்சள் மட்டும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"வுடுடா, போதும். பொட்டிக்குள்ள யாரு பாக்கப் போறாங்க" என்றாள் அவருடைய அக்கா ஜோதிலட்சுமி.

அவர் துணியை மடித்து ஓரமாக வைத்தார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் மேரி கையை அழுக்காக வைத்துக்கொண்டு எங்கும் போனவள் இல்லை.

ஆரோக்கியமேரி அன்று காலை ஐந்தரை மணிக்கு இறந்துபோனாள். எழுந்து டீ போட்டு, அவருக்கும் கொடுத்துத் தானும் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கொஞ்சம் சாஞ்சிக்கறேன்" என்று படுத்தவள்தான். இரண்டு வருடமாக இதயம் பலவீனம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன கெடுவுக்கு மேலும் எட்டு மாதம் நன்றாகவே இருந்தாள். சைதாப்பேட்டையில் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் இப்போது ஐஸ் பெட்டி வந்து நின்றது. மகள் மணிமொழி அதன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அடையாற்றில் ஒரு பெண்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் மேரி முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அங்கே பேராசிரியராக இருந்த கஸ்தூரிரங்கன் சார் தன் தேனீ ஆராய்ச்சிக்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். காரணம் அவளுடைய கை. தேனீயை நசுக்காமல், கொட்டும் வாங்காமல், இரண்டு விரலால் பிடித்து அதன் முதுகில் ஒரு புள்ளி வைக்க அங்கே வேறு யாருக்கும் கைவரவில்லை.

மருந்தடித்த வயலில் பூவுக்குள் மிஞ்சி நிற்கிற அளவுக்கு, அவ்வளவு கொஞ்சமாக, பூச்சிமருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து நாற்பது தேனீக்களுக்குக் கொடுப்பார்கள். இன்னொரு நாற்பதுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஒரு கூட்டத்துக்கு வெள்ளைப் புள்ளி, இன்னொன்றுக்கு மஞ்சள். எந்த நிறத்துக்கு மருந்து என்பது சாருக்கு மட்டும்தான் தெரியும், தினமும் மாற்றுவார். மறுநாள் காலை எண்பதையும் ஒரு பெட்டியில் எடுத்துப்போய்க் கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கத்தில் திறந்துவிடுவார். மேரி கல்லூரியின் பின்புறம் புங்க மரத்தடியில் உட்கார்ந்து, கூட்டுப் பெட்டியின் வாசலைப் பார்த்தபடி, வந்து சேர்கிறவற்றை எண்ணுவாள்.

"ஒண்ணும் சாவல" என்று ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். "வழிதான் தப்பிப் போவுது."

அப்போது பஞ்சாட்சரம் தான் தைத்துக்கொண்டிருந்த ஒரு ஜாக்கெட்டின் கை வெட்டு சரியாக வராத யோசனையில் இருந்தார். ம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வந்தது சாரை உறுத்தியது. மாத்திரை சாப்பிடுகிறவள், உட்கார்ந்த இடத்தில் கண் அசந்திருப்பாளோ என்று பக்குவமாகத்தான் கேட்டாராம். மேரி வீட்டுக்கு வந்து மூன்று நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: "நான் அசந்திருந்தா ரெண்டு கலரும்ல கொறையணும் சார்? ஒரு நாள் வெள்ள கொறையுது, ஒரு நாள் மஞ்ச கொறையுது. ரெண்டும் சேந்து ஒரு நாளும் கொறையலியே."

சார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இருந்தாலும் வெளியே நாலு பேர் கேட்பார்கள், இன்னொருவர் தனியாக எண்ணி இரண்டும் ஒத்துப்போனால் நல்லது, பத்து நாள் போதும் என்றார். கல்லூரி விடுமுறை, மாணவிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் டெய்லர், கண்ணாடி போட்டால் ஊசிக்கு ஒரே தடவையில் நூல் கோப்பார் என்று சொல்லி மேரி அவரைக் கூட்டிப்போனாள்.

பஞ்சாட்சரம் கடையை மத்தியானம் வரை சாத்திவிட்டுப் போனார். வெள்ளைக் குண்டூசியும் மஞ்சள் குண்டூசியும் கொண்டுபோய், புள்ளி வைத்த தேனீ உள்ளே போகப் போக ஒவ்வொன்றாக ஊசித் திண்டில் குத்தினார். எண்ணும்போது இருவரும் பேசக் கூடாது, ஒருவர் மற்றவரைப் பார்க்கவும் கூடாது. பன்னிரண்டரைக்கு எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்வார்கள். முதல் நாள் அவருக்கு இரண்டு குறைந்தது. மேரி சிரித்தாள். நான்காம் நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே எண். பிறகு அதே மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். வீட்டார் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து முப்பத்து நாலு வருடம், அவள் கல்லூரிக்கும் அவர் கடைக்குமாக ஓடியே போயிருந்தது. பட்டப்பகலில் அவள் பக்கத்தில் இப்படிச் சும்மா உட்கார்ந்தது அந்த ஒன்பது நாள்தான். வீட்டுக்கு வந்தும் தேனீயைப் பற்றியே பேசினார்கள். மணிமொழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

இன்று பத்தாம் நாள்.

எட்டரை மணிக்குக் கஸ்தூரிரங்கன் சார் மாலையோடு வந்தார். மணிமொழிதான் போன் செய்திருந்தாள். மாலையை வைத்துக் கும்பிட்டார். பிறகு பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் வந்து, இதற்கு மேல் வேண்டாம், ஒன்பது நாளே போதும், அதை வைத்தே எழுதிக்கொள்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நேத்து சாயங்காலம் பொட்டு வெச்சதுங்க இன்னா சார் ஆவும்?"

"பெட்டியிலதான் இருக்கு. பார்த்துக்கலாம், நீங்க அதை நினைக்காதீங்க."

"ரெண்டாவது ராத்திரி பொட்டியில இருந்தா பாதி செத்துடும்னு சொல்லுவா." பஞ்சாட்சரம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்து மணிக்குத் தொறந்து வுடுங்க சார். நான் போய் ஒக்கார்றேன்."

ஜோதிலட்சுமியின் காதில் அது விழுந்துவிட்டது. "பொணத்த வெச்சிக்கினு எங்கடா போற? ஊரு இன்னா பேசும்?"

பஞ்சாட்சரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மகளைப் பார்த்தார். தியாகராய நகரில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள் மணிமொழி. காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவள் இப்போது எழுந்து வந்தாள். அவருடைய சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். துப்பட்டாவால் இரண்டு பக்கமும் துடைத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"ஒன்றரைக்குள்ள வந்துடு நைனா. நாலு மணிக்கு ஃபாதர் வராரு."

புங்க மரத்தடியில் இரண்டு ஸ்டூலும் அப்படியே கிடந்தன. அவர் தன்னுடையதில் உட்கார்ந்தார். பத்து மணிக்குத் திறந்துவிட்டதாக சார் போனில் சொன்னார். பத்து இருபதுக்கு முதல் வெள்ளை வந்தது. பிறகு ஒரு மஞ்சள், மூன்று வெள்ளை. கூட்டின் வாசல் விரற்கடை உயரம்தான். புள்ளி கண்ணில் பட்டு மறைய ஒரு நொடி ஆகாது. வேறெதையும் நினைக்க இடமில்லாமல் இருந்தது. பதினொரு மணிக்கு மேல் வெள்ளை மளமளவென்று வந்தது. மஞ்சள் விட்டுவிட்டு வந்தது. ஒரு மஞ்சள் பக்கத்துச் சுவர்வரை வந்து, சுவரில் முட்டி முட்டித் தேடி, கடைசியில் வாசலைக் கண்டுபிடித்தது. அவர் மூச்சை விட்டு ஊசியைக் குத்தினார்.

பன்னிரண்டரைக்கு நிமிர்ந்தார். எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தபடியே வலப்பக்கம் திரும்பினார். மேரியின் ஸ்டூல் காலியாக இருந்தது.

ஊசிகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது மணி பன்னிரண்டு முப்பத்தாறு. ஒரு மஞ்சள் புள்ளி வந்து வாசல் பலகையில் இறங்கியது. நேரம் தாண்டி வந்ததைச் சேர்க்கக் கூடாது. மேரி இருந்தாலும் சேர்த்திருக்க மாட்டாள். ஆனால் அது காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

சொன்னபடி ஒன்றரைக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். ஜோதிலட்சுமி குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். நாலு மணிக்கு ஃபாதர் வந்து ஜெபம் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டார்கள். மழை பெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் மண் ஈரமாக, கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு வாசல் கேட்டருகே சார் நின்றுகொண்டிருந்தார். பஞ்சாட்சரம் சீட்டைக் கொடுத்தார். சார் அதைப் படித்துவிட்டு, தன் பர்ஸிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"மஞ்சளுக்குத்தான் மருந்து" என்றார். "மேரிம்மா எண்ணினதுதான் சரி. முதல் நாள்லேர்ந்தே சரி. நான் அவங்ககிட்ட..."

"அவளுக்குத் தெரியும் சார்" என்றார் பஞ்சாட்சரம்.

சார் தலையாட்டினார். இருவரும் மரங்களின் நிழலில் மெயின் ரோடு வரை சேர்ந்து நடந்தார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சகினா தூக்குச்சட்டியில் சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி எடுத்த இடத்தில் தரை ஈரம் இன்னும் காயவில்லை. அதை விட்டுத் தள்ளி அப்பாவும் மகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"எவ்ளோ வந்துச்சி?" என்று கேட்டாள் மணிமொழி.

"வெள்ள முப்பத்தேழு. மஞ்ச இருவத்திநாலு."

அவள் மனசுக்குள் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. "மீதி மஞ்சல்லாம் எங்க போயிருக்கும் நைனா?"

"ஆத்தோரமா எங்கனா மரத்துல ஒக்காந்துனு இருக்கும்." அவர் சற்று யோசித்தார். "ஒண்ணு பின்னாடியே வந்துச்சி. கணக்குல வராது. ஆனா வந்துடுச்சி."

கிண்டிப் பக்கம் போகிற ரயிலின் சத்தம் வந்து தேய்ந்தது. பஞ்சாட்சரம் தட்டை வழித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். மணிமொழி தூக்குச்சட்டியைத் தன் பக்கம் சாய்த்து, அடியில் பிடித்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, அவர் தட்டில் பாதியும் தன் தட்டில் பாதியுமாக வைத்தாள்.