சின்னப்பாப்பாவின் குழிக்கு உப்பு

அர்ச்சுனனின் மனைவி சின்னப்பாப்பா காலையில் செத்துப்போனாள். குழி வெட்டியவர்கள் உள்ளே தூவ உப்பு கேட்டார்கள். கடையில் பாக்கெட் வாங்கிக்கலாம் என்றான் ஒருவன். நாற்பது வருஷம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவளுக்குப் பாக்கெட் உப்பா? அர்ச்சுனன் நேரே அளத்துக்கு நடந்தார். போன வாரம் அவள் வாரிச் சேர்த்த குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளினார்.

வாட்ச்மேன் ஓடி வந்தான். "பெரியவரே, கீழ போட்டுடுங்க."

"என் பொண்டாட்டி குழிக்குப்பா. அவ வாரின உப்புதான் இது."

"தெரியுதுங்க. மேல கேமரா இருக்குது. ஓனரு பார்த்தாருன்னா எனக்கு வேலை போயிடும்."

அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், உப்புச் சத்தியாகிரகத்தின்போது, இதே அளத்தில் அர்ச்சுனனின் அப்பாவும் ஒரு பிடி உப்பு எடுத்தார். போலீஸ்காரன் லத்தியால் அடித்து விரல்களை உடைத்தான். உடைந்த பிறகும் அந்தக் கை திறக்கவில்லை. கோணிப்போன அந்த விரல்களைப் பிடித்துத்தான் அர்ச்சுனன் நடை பழகினார்.

இன்றைக்கு யாரும் அடிக்கவில்லை. வாட்ச்மேன் கும்பிட்டுத்தான் கேட்டான்.

அர்ச்சுனன் கையை விரித்தார். சின்னப்பாப்பாவின் உப்பு முதலாளியின் குவியலிலேயே விழுந்தது.