மணி என்னம்மா?

நகர மன்றத்தில் கவுன்சிலர்கள் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். ஆடை அவிழ்த்து ஆடும் கிளப்புகள் அத்தனைக்கும் பூட்டு விழுந்தது. பெண்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று போட்டோவுக்குச் சிரித்தார்கள். காப்பாற்றப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் நேரமில்லை.

துறைமுகத் தெரு கிளப்பில் கிளினிஸ் பதினேழு வருடம் இருந்தவள். ஆடுகிறவள் இல்லை. பின்னறையில் ஊக்கு, பிளாஸ்திரி, சூடான டீ, வாய் நிறையத் திட்டு எல்லாம் வைத்துக்கொண்டு ஆடுகிற பெண்களைப் பார்த்துக்கொள்கிறவள். எல்லோருக்கும் அவள் அம்மா. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தனியறையில் எவனாவது கை நீட்டினால் கத்தக் கூடாது. கத்தினால் அவனுக்கு வெறி ஏறும். கதவுப் பக்கம் திரும்பி, "மணி என்னம்மா?" என்று கேட்டால் போதும். அடுத்த நொடி வாசல்காவல் டெஸ்மண்ட் உள்ளே வந்து நிற்பான். புதிதாக வருகிறவளுக்கு கிளினிஸ் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

பூட்டு விழுந்த பிறகு டெஸ்மண்ட் லாரி ஓட்டப் போனான். கிளினிஸ் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட உட்கார்ந்தாள். பெண்களுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! கூப்பிட்ட வீடுகளுக்குத் தனியாகப் போய் ஆடினார்கள்.

"போகாதேடி," என்று கிளப்பில் ஆடிய சஃபையரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள் கிளினிஸ்.

"அப்போ வாடகைய யாரு கட்டுவா, கவுன்சிலரா?" என்று சிரித்தாள் அவள்.

"சரி, எதுன்னாலும் ஒரு போன் போடு. நான் இருக்கேன்ல."

ஒரு சனிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் நெரிந்தது. பட்டாணி டப்பாவுக்குத் தள்ளுபடி உண்டு என்று ஒரு கிழவர் மல்லுக்கு நின்றார். அந்த நேரம் பார்த்து சஃபையரின் போன்.

"அம்மா, மணி என்னம்மா?"

"நாலேகால். ஏண்டி, கையில போன வெச்சுக்கிட்டு என்கிட்ட மணி கேக்குறியே, கூறுகெட்டவளே!"

"சரிம்மா," என்று வைத்துவிட்டாள்.

கிளினிஸ் சிரித்துக்கொண்டே பட்டாணிக்குப் பில் போட்டாள். பால் போட்டாள். ரொட்டியைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. ஐயோ, பாவி நான்! ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பத் திரும்ப அடித்தாள், போன் அணைந்திருந்தது.

போலீசில் எந்த வீடு என்று கேட்டார்கள். தெரியாது. சொந்தப் பேர் என்ன என்றார்கள். அதுவும் தெரியாது, கிளப்பில் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.

மறுநாள் காலை ஒரு பெண் போலீஸ் வீட்டுக்கு வந்தாள். டில்டா என்கிற பெண் இறந்துவிட்டாள் என்றாள். டில்டா யார் என்று கேட்கப் போன கிளினிஸ், போட்டோவில் சஃபையரைப் பார்த்தாள்.

"அவ கடைசியா போன் பண்ணது உங்களுக்குத்தான். அவளக் கொன்னவன் பக்கத்துலயே நின்னிருக்கான். என்ன சொன்னா?"

"மணி கேட்டா."

"நீங்க?"

"நாலேகால்னு சொன்னேன்."

பெண் போலீஸ் எழுதிக்கொண்டாள். "அப்புறம்?"

"திட்டினேன்," என்றாள் கிளினிஸ்.