ஏழாம் கம்பத்து நடுவர்

வெர்னாவின் வேலை அண்ணாந்து பார்ப்பது. அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் பத்தொன்பது வருடமாக ஏழாம் கம்பத்தின் அடியில் நின்று பார்க்கிறாள். தலைக்கு மேலே தென்னை உயரத்தில் விமானம் திரும்பும். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். விமானியின் தலை கம்பத்துக்கு வெளியே போனால் சரி, உள்ளே போனால் 'வெட்டு'. ஒரு வெட்டு விழுந்தால் சுற்றுக்கு இரண்டு விநாடி வீதம், எட்டுச் சுற்றுக்கும் சேர்த்துப் பதினாறு விநாடி தண்டனை. சந்தேகம் வந்தால் விமானிக்கே சாதகம். புதிய நடுவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

அன்று நடந்ததுதான் ரீனோவின் கடைசிப் பந்தயம்; அதோடு அங்கே பந்தயமே நின்றுபோகிறது. அவள் தம்பி ரோஸ்கோ பதினொரு வருடமாகத் தன் பழைய மஸ்டாங் போர் விமானத்தோடு மல்லுக்கட்டி, அன்றுதான் இறுதிச் சுற்றுக்கே வந்திருந்தான். சொந்தத் தம்பி பறக்கும்போது அவள் விலகியிருக்கலாம். விலகினாளா? வீம்பு!

காலையில் காப்பி வரிசையில் எதிரணி மெக்கானிக் ஒருவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, உங்க தம்பிக்கு மட்டும் இன்னிக்கு ஏழாம் கம்பத்தைப் பிடுங்கிட்டீங்களாமே?" எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். ஆனால் அது சுருக்கென்று தைத்து உள்ளேயே நின்றுவிட்டது.

ஆறாம் சுற்றில் ரோஸ்கோ முன்னணியில் வந்தான். கம்பத்தை உரசுகிற மாதிரி திரும்பினான். சரியாக அந்த நொடியில் வெயில் கண்ணில் அடித்தது. தலை உள்ளேயா, வெளியேயா? சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை.

"வெட்டு!" என்றாள் ரேடியோவில்.

பக்கத்தில் சுற்று எண்ணைக் குறித்துக்கொண்டிருந்த கிழவர் டெல்பர்ட் நிமிர்ந்தார். "நான் குனிஞ்சிருந்தேம்மா, பார்க்கலை. நிச்சயந்தானா?"

"நிச்சயம்."

"நீ சொன்னா சரி."

ரோஸ்கோ எல்லோரையும் விட ஒன்பது விநாடி முந்தி வந்தான். பதினாறு விநாடி தண்டனை சேர்ந்ததும் மூன்றாம் இடம். மேல்முறையீட்டுக்கு அரைமணி நேரம் உண்டு. ரேடியோவை எடுத்து, 'வெயில் அடிச்சுது, நான் பார்க்கலை' என்று சொன்னால் போதும். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஊர் என்ன சொல்லும்? அந்தப் பாழாய்ப்போன கேள்வியிலேயே அரைமணி நேரமும் கரைந்தது.

அவள் கொட்டகைக்கு வந்தபோது ரோஸ்கோவின் ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். "முறையீடு பண்ணச் சொன்னோமே, கேட்டியா?" என்று ஒருவன் கத்தினான்.

"எங்க அக்கா வெட்டுன்னா வெட்டுதான்டா," என்றான் ரோஸ்கோ. "நான்தான் பேராசைப்பட்டு ஒட்டித் திரும்பியிருப்பேன். வெளியே போயிட்டோம்னு எனக்கென்னமோ தோணிச்சு. ஆனா அக்கா கண்ணு தப்பாது."

அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட வெர்னா தாங்கியிருப்பாள். ஆட்கள் கலைந்து போகும்வரை காத்திருந்தாள்.

"டேய், நான் பார்க்கலைடா," என்றாள். "வெயில் கண்ணுல அடிச்சிடுச்சு. தெரியாமலே சொல்லிட்டேன்."

ரோஸ்கோ கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றான். "சந்தேகம்னா விமானிக்குத்தானே?"

"ஆமா."

"வேற யாராவது பறந்திருந்தா?"

"விட்டிருப்பேன். தம்பிங்கறதால விட்டுட்டாள்னு பேசுவாங்களேன்னு... பாவி நான், என் பேரைப் பார்த்தேன்டா."

கோபம் வரும் என்று அவன் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"பதினொரு வருஷம்க்கா," என்றான் கடைசியில். "ஒரே ஒரு சுத்துக்கு என்னை யாரோன்னு நினைச்சிருக்கக் கூடாதா?"