இன்னாமீன்

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அடையாறு முகத்துவாரத்து மீன்களை வரைந்து, மீனவர்களிடம் பெயர் கேட்டு எழுதிவைத்த ஒரு வெள்ளைக்காரரின் நோட்டுதான் ஜுவேரியாவின் ஆராய்ச்சிக்கே ஆதாரம். முப்பத்தொன்பது பெயர்கள் கனகச்சிதம். நாற்பதாவதுதான் அவள் உயிரை வாங்கியது. மஞ்சள் வால், அதில் ஒரு கரும்புள்ளி, பெயர் ‘இன்னாமீன்’. எந்த அகராதியிலும் அப்படியொரு மீன் இல்லை.

முகத்துவாரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அசோகனிடம் படத்தை நீட்டினாள்.

“மஞ்சவாலு மேடம். இப்போ வலை பூரா இதான் கீது.”

“இவர் இன்னாமீன்னு எழுதியிருக்காரேண்ணா?”

அசோகன் விழுந்து விழுந்து சிரித்தான். “அது பேரா? தொர மீனைக் காட்டிக் கேட்டிருப்பாரு. நம்மாளு தெரியாம, ‘இன்னா மீனு?’ன்னு முழிச்சிருப்பான். அதையே எழுதிக்கினாரு!”

ஜுவேரியாவும் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. கடலிலேயே கிடந்தவனுக்குப் பெயர் தெரியவில்லையென்றால், மஞ்சவாலு அப்போதுதான் இங்கே வந்திருக்கிறது. எந்த மீன் இங்கே எப்போது வந்தது என்றுதானே மூன்று வருஷமாக அவள் மண்டையை உடைத்துக்கொள்கிறாள்!

புரியாததைக்கூடத் திருத்தாமல், காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறார் துரை.

“மனுஷன்யா!” என்றாள்.

பக்கத்தின் மேலே தேதியும் போட்டிருந்தார்.