புகைதான் என்றார் தலைவர்

எண்ணூரில் இருமுகிறவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. கம்பெனிப் புகைபோக்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த வழக்கத்தைக் குதிரைகளுக்கும் கொண்டுவந்த பெருமை சுப்புராஜ் அண்ணாச்சியைச் சேரும்.

டோல்கேட்டில் அரிசியும் தவிடும் மொத்தமாக விற்கிறவர். குடோனுக்குப் பின்னால் லாயம் போட்டு ஏழெட்டுக் குதிரை வைத்திருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற எங்களைப் போன்றவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். தலைவர் பதவியைத் தான் எடுத்துக்கொண்டு, கைதட்டுகிற வேலையை எங்களுக்குக் கொடுத்தார்.

கைதட்டுவதில் முதல் ஆள் என் புருஷன் குமாரவேல். கழிமுகத்தில் மீன் அற்றுப்போன பிறகு முகத்துவாரக்குப்பத்தில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு பெட்டைக் குதிரை வாங்கி வந்தார். பவுனு என்று பெயர் வைத்தது நான். தீனி வைப்பது, சாணி அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான். ஊர்வலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மீசையை முறுக்குவது அவர். பவுனு அப்போது சினை, ஈனுவதற்கு அதிக நாள் இல்லை. விலாவில் கை வைத்தால் குட்டி உதைப்பது தெரியும். வேலை கிடக்கிறதென்று தெரிந்தும் நான் கையை எடுக்காமல் நின்றிருப்பேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இவ்வளவு ஆசை என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் எரிச்சல் வரும். உண்மை என்னவோ அதுதான்.

அண்ணாச்சி வெளியூரிலிருந்து, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை வாங்கி வந்தார். வந்த வாரமே அதற்குக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல். நான் தவிடு வாங்கப் போன அன்று கால்நடை டாக்டர் ஜெயஸ்ரீ அதன் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஹெர்பிஸ் வைரஸா இருக்கலாம்" என்றார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் இதைத் தனியா கட்டுங்க."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மா, அது அந்த மாதிரி வியாதில்லா? நம்ம குதிரை அப்படிப்பட்டது கிடையாது. நல்ல இடத்துல வாங்கியிருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். குதிரையின் கற்புக்குச் சான்றிதழ் கொடுத்த முதல் மனிதரை அன்றுதான் பார்க்கிறேன்.

இது குதிரைகளுக்கென்றே உள்ள வைரஸ் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூக்கோடு மூக்கு உரசினால் போதும். பக்கத்தில் நின்று இருமினாலும் போதும். ஒரே தொட்டித் தண்ணீர், ஒரே கடிவாளம், சீக்குக் குதிரையைத் தொட்ட கை, எதில் வேண்டுமானாலும் போகும். ஒரு தடவை வந்துவிட்டால் உடம்புக்குள்ளேயே சத்தமில்லாமல் கிடக்கும், லாரியில் ஏற்றி அலைக்கழித்தால் மறுபடி கிளம்பும். சினைக் குதிரைக்கு வந்தால் தாயைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, குட்டிதான் செத்து விழும். "கொஞ்ச நாளைக்கு எந்தக் குதிரையையும் வெளியே எடுக்காதீங்க. முக்கியமா சினைக் குதிரையை" என்று முடித்தார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டாக்டர் போன பிறகு வடக்கே கையை நீட்டினார். "எல்லாம் அந்தப் புகைதாம்மா."

அந்தப் புகைக்கு வக்காலத்து வாங்குகிறவள் இல்லை நான். பிறந்ததிலிருந்து விழுங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் புகை ஒரு குதிரையை மட்டும் தேடிப் பிடித்து மூக்கொழுக வைக்காது. இந்த அளவு யோசிக்க அரிசி மண்டி முதலாளிக்கு நேரமில்லை. கம்பெனி வாசலில் போராட்டம், சங்கத்துக் குதிரைகள் அத்தனையும் வர வேண்டும் என்று அறிவித்தார். குமாரவேலுக்குத் துணைச் செயலாளர் பதவியும் கொடுத்தார். அதோடு என் புருஷனுக்கு இருந்த கொஞ்ச புத்தியும் போயிற்று.

"பவுனு வர்லன்னா எப்டி மங்கை? வயித்துப்புள்ளகாரி வந்து நின்னாத்தான் ஜனங்களுக்கு மனசு எளகும்னு தலைவரு சொல்லிகினாரு."

"டாக்டரம்மா சொன்னத உன்னாண்ட எத்தினி தபா சொல்றது? பவுனு இங்கதான் இருக்கும். நீ வோணா போய் நின்னு இருமு."

தலையை ஆட்டினார். மறுநாள் நான் காசிமேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் கொட்டகை காலி.

ஆட்டோ பிடித்து ஓடினேன். கம்பெனி வாசலில் வியாசர்பாடிக் குதிரை, ராயபுரத்துக் குதிரை எல்லாம் இடித்துக்கொண்டு நின்றன. வெயிலுக்கு இதமாக ஒரு நீல டிரம்மில் தண்ணீர், அதில் நாலைந்து மூக்குகள் ஒன்றாக முங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கிருமி கைக்காசு போட்டு மாநாடு நடத்தியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது. நடுவில் அண்ணாச்சி, பந்தயக் குதிரையின் மூக்கைத் தோள்துண்டால் துடைத்தார். கேமரா வருவதைப் பார்த்ததும் அதே துண்டால் பவுனு முகத்தையும் துடைத்து, "இந்த வாயில்லா ஜீவன் என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்று தழுதழுத்தார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடுங்கினேன். "மானத்த வாங்காத" என்றார் என் புருஷன். இருந்தால்தானே வாங்குவதற்கு.

ரிசல்ட் வந்தது. ஹெர்பிஸ்தான். லேபையும் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது என்றார் அண்ணாச்சி. வியாசர்பாடியில் குதிரைகள் இருமின, ராயபுரத்தில் இருமின. ஒவ்வொரு இருமலும் அவருக்குப் புகைக்குக் கிடைத்த புதுச் சாட்சி. பவுனு இருமவில்லை. தாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று கேட்டவள்தான், இருந்தாலும் நம்பினேன். தினமும் விலாவில் கை வைத்துப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் கை வைத்தபோது உதைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் குட்டி விழுந்துவிட்டது. உறை கிழியாமல், முழுசாக, கண்ணிமை மயிர்கூட வளர்ந்திருந்தது. பவுனு அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் வாய்விட்டு அழுதேன். குட்டியிலும் அதோடு வந்த நீரிலும் வைரஸ் நிறைய இருக்கும், பிளீச்சிங் பவுடர் கொட்டி ஆழமாகப் புதைத்துவிடுங்கள், வேறு குதிரையை அண்டவிடாதீர்கள் என்று டாக்டர் போனில் சொன்னார்.

குமாரவேல் முதலில் போன் போட்டது தலைவருக்கு. மறுநாள் காலையில் அவர் மாலை கட்டிய மினி லாரியோடும் ஒரு போட்டோக்காரரோடும் வந்து இறங்கினார்.

"குட்டியக் குடு தங்கச்சி. ஒவ்வொரு லாயத்து வாசல்லயும் நிறுத்தி, மரியாதை பண்ணி, அப்புறம் கம்பெனிக்குக் கொண்டு போவோம். நம்ம சங்கத்துக்கு இது தியாகி."

"எத்துகினு போ அண்ணாச்சி" என்றேன். "தலைவரு வூடுதான் மொதல்ல. உன் லாயத்துல எறக்கி மரியாத பண்ணு."

"எங்க லாயத்துக்கா? அங்க வேண்டாம்மா, ரெண்டு சினைக் குதிரை நிக்குல்லா" என்றார், சர்வ சாதாரணமாக.

சொன்ன பிறகுதான் வாயை மூடினார். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். என் புருஷன் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ரெண்டும் ஏன் தலைவரே அன்னிக்குக் கம்பெனியாண்ட வர்ல?"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். "வண்டிய எடுப்பா" என்றார் டிரைவரிடம்.

நான் மண்வெட்டியைக் கொண்டுவந்து குமாரவேலின் கையில் கொடுத்தேன். "ஆழமாத் தோண்டு." அவர் அழுதுகொண்டே தோண்டினார். நான் தேற்றவில்லை.