காட்டு வழியில் நின்றவர்

ஆரணிக்கு மத்தியானமே மூச்சிழுப்புத் தொடங்கிவிட்டது. வாய்க்குள் மருந்துப் பம்ப் அடித்தும் குறையவில்லை. வெயில் சாயும் நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையின் உதடு நீலம் பூத்ததைக் கண்டதும், பிரேமிளா அவளைத் துவாயில் சுற்றித் தூக்கினாள். கணவன் பிரதீபன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஒட்டுசுட்டானில்தான் ஆசுப்பத்திரி. காட்டு வழியால் போனால் கிட்ட.

காடு தொடங்குகிற இடத்தில், பாலை மரத்தடியில் ஒரு கல். அதுதான் பிள்ளையார். அந்த வழியால் போகிறவர்கள் இறங்கி, ஒரு இலைக்குழையை முறித்து அவருக்கு வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிரதீபனும் நிறுத்தினான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறாள். போவம்!"

"கொஞ்சம் பொறு பிரேமி. வைக்காமல் போய் ஏதும் நடந்தால்?"

"வைச்சு வைச்சுத்தானே போன போகம் வயலை ஆனை மிதிச்சது?"

அவன் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, பற்றி நின்ற பற்றைக்குள் கையை நீட்டினான்.

பற்றை அசைந்தது. அவன் அப்படியே பின்வாங்கி வந்து மனைவியோடு ஒட்டி நின்றான்.

தனியன் ஆனை. வழியின் நடுவில் வந்து, அவர்களைப் பார்த்தபடி நின்றது. காது இரண்டும் விரிந்திருந்தன.

"பிள்ளையாரே, ஒரு நாளும் குழை வைக்காமல் நான் போகேல்லையே..." பிரதீபன் முணுமுணுத்தான்.

"அவரோட பேரம் பேசாதேங்கோ. அசையாமல் நில்லுங்கோ."

அப்படிச் சொன்னவளின் தோளில் ஆரணியின் மூச்சு இன்னும் வேகமாக இழுத்தது. மத்தியானம் முதல் கடவுளை அவள் ஏசிக்கொண்டே இருந்தாள், சொன்ன வேலையைச் செய்யாத ஆளை ஏசுவதுபோல. இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

எவ்வளவு பெரிய உடம்பு! சேறு காய்ந்த முதுகில் பொன் வெயில். கண்ணோரத்தில் நீண்ட இமைமயிர். மெல்ல ஏறி இறங்கும் விலா. இதைப் படைத்து இதற்குள் மூச்சை வைத்தவர்தான், தன் தோளில் சாய்ந்து கிடக்கும் சின்ன நெஞ்சுக்குள்ளும் மூச்சை வைத்தார். அவரைப் போய்த் தன் வீட்டுக் காவல்காரனைப்போல எண்ணியிருந்தோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளை பிழைப்பாளா என்று தெரியவில்லை. ஆனால் படைத்தவரின் கைக்கு வெளியே அவள் போய்விடப் போவதில்லை.

பயம் இருந்தது.

அப்படியும் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, காதுக்குள் சொன்னாள். "ஊதம்மா. கேக்கில மெழுகுதிரி அணைக்கிற மாதிரி. மெல்ல... மெல்ல..."

"அம்மா... பிள்ளையார்..."

"ஓமடா. கதைக்காமல் ஊது."

பிரதீபனின் கை மோட்டார் சைக்கிளின் திறப்புக்குப் போனது. "ஸ்ராட் பண்ணித் திருப்புவம்."

"தொடாதேங்கோ! சத்தம் கேட்டால் வந்திடும். போறவர் போகட்டும்."

பிள்ளை ஊதினாள். தாயும் கூடவே ஊதினாள். ஆனை மண்ணை அள்ளி முதுகில் எறிந்தது. ஒரு கால் முன்னால் வைத்தது. பிரதீபன் கண்ணை மூடிக்கொண்டான். பிரேமிளா மூடவில்லை.

அது திரும்பியது. மற்றப் பக்கக் காட்டுக்குள் கொப்புகள் முறியும் சத்தம் தூரத்துக்குப் போய்த் தேய்ந்தது.

"எடுங்கோ. ஓடுங்கோ!"

ஆசுப்பத்திரியில் ஆரணியின் முகத்தில் மருந்துப் புகை விடும் மாஸ்க்கை வைத்தார்கள். முதல் தரம் பிடித்தும் இழுப்பு அடங்கவில்லை. இரண்டாவது தரம் மருந்து விட்டார்கள். பிரதீபன் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பி எழும்பி நடந்தான்.

"நீ எப்பிடியடி அப்பிடி நிண்டனீ? நான் கண்ணையே மூடிப்போட்டன்."

"படைச்சவர் அவ்வளவு பெரியவர் எண்டு இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. இப்பவும் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."

தாதி பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இழுப்புச் சத்தம் குறையுது. இண்டைக்கு இஞ்சதான் நிக்கோணும். சரியோ அம்மா?"

பிரதீபன் கட்டிலடியில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிரேமிளா ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்தபடி, மறுகையை அவன் தலையில் வைத்தாள்.